ஆறு எட்டு

பயந்தாங்கொள்ளி என்பது முழுப்பெயர். கூப்பிடும்போது சுருக்கமாகப் பயந்தா. வைத்தவன் அவளுடைய அண்ணன். அவளுக்கு அப்போது ஐந்து வயது, அவனுக்கு ஒன்பது. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று பள்ளிக்கூடப் பதிவேட்டில் இருந்தது. அது அங்கேயே தங்கிவிட்டது.

பெயருக்குக் குறை வைத்தவளும் இல்லை. பல்லிக்குப் பயம், பலூனுக்குப் பயம், லிஃப்டுக்குப் பயம், யாராவது கதவைத் தட்டினால் பயம், தட்டிவிட்டுப் பேசாமல் நின்றால் இன்னும் பயம். இத்தனைக்கும் தலைமைப் பயம் ஒன்று உண்டென்றால் அது நாய். அவர்கள் குடியிருந்த பள்ளத்தெருவின் முனையில் ரொட்டிக்கடைக்காரர் ஒரு குட்டி நாயைக் கட்டி வைத்திருந்தார். அதற்குப் பயந்து இரண்டு தெரு சுற்றிப் பள்ளிக்கூடம் போவாள். குட்டி வளர்ந்தது, கிழடானது, பல்லெல்லாம் கொட்டியது, ஒருநாள் செத்தும் போனது. செத்த பிறகும் ஒரு மாதம் சுற்றித்தான் போனாள். கேட்டதற்கு, "செத்துடுச்சுன்னு சொல்றாங்க, யாரு பாத்தா?" என்றாள்.

பயம் வந்தால் அவள் முதலில் செய்வது அண்ணனைக் கூப்பிடுவது. கல்யாணமாகிப் பிள்ளை குட்டியோடு பள்ளத்தெருவிலேயே சைக்கிள் கடை வைத்திருந்த அவனை வேலை நேரத்தில் கூப்பிட்டு, மொட்டை மாடியில் ஆள் நடக்கிறான் என்பாள். ஓடிப் பார்த்தால் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருக்கும். காஸ் கசிகிறது என்று ஒருமுறை தெருவையே வெளியே நிறுத்தினாள். கசிந்தது பக்கத்து வீட்டுக்காரர் அடித்த பெயின்ட் வாசனை. போகப் போக அண்ணன் ஓடி வருவதை நிறுத்திவிட்டு, போனிலேயே சிரிக்கப் பழகிக்கொண்டான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை.

பிறகு நகரத்தில் வேலை. குளிர்சாதனப் பெட்டி விற்கும் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவில், காதில் மாட்டிய போனோடு, ஐந்தாவது மாடியில். லிஃப்ட் இருந்தது. அவள் படியேறினாள். ஒரு நாளைக்கு எண்பது பேர் திட்டுவார்கள். ஐஸ் உருகியதற்கு, மூடி உடைந்ததற்கு, மெக்கானிக் வராததற்கு. திட்டுபவர் யாரென்று தெரியாது. தெரியாததால் எல்லோருமே கோபமாகத்தான் இருப்பார்கள் என்று ஒரு பயம். பதினோரு வருடம் அந்த நாற்காலியில் தாக்குப்பிடித்தாள். முப்பத்து நான்காவது வயதில் ஒரு காலைநேரம் போனை எடுத்து "வணக்கம்" சொல்ல வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. தண்ணீர் குடித்துப் பார்த்தாள், செருமிப் பார்த்தாள். தொண்டைக்குள் யாரோ கதவைச் சாத்திவிட்ட மாதிரி இருந்தது. மூன்று நாள் கழித்துக் குரல் வந்தபோது அவள் சொன்ன முதல் வார்த்தை, "ராஜினாமா."

மனிதர்கள் குறைவாக இருக்கும் இடத்தில் ஒரு வேலை. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். சொல்லும்போது சின்ன ஆசையாகத் தெரிகிறது. தேடிப் பார்த்தால்தான் தெரியும், வேலையெல்லாம் கூட்டத்தின் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறது.

"மனுஷங்களே இல்லாத வேல வேணும்னா சுடுகாட்டுலதான் கேக்கணும்," என்றான் அண்ணன்.

"அங்கயும் கூட்டமா வருவாங்கண்ணா."

வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து அனுப்பும் வேலை இருக்கிறது என்றார்கள். அதற்கு இன்டர்நெட் வேண்டும். இன்டர்நெட் இருக்கும் இடத்தில் ஆட்கள் இருந்தார்கள். விதைப் பண்ணை ஒன்றில் காவலாளி வேலை கிடைப்பதுபோல் வந்தது. அங்கே துணைக்கு நாய் உண்டென்று பெருமையாகச் சொன்னார்கள். கடைசியில் செய்தித்தாளின் உள்பக்கத்தில் நாலு வரி விளம்பரம்: மலையில் ஆற்றின் மேல்பகுதியில் நீர்மட்டம் பார்த்துச் சொல்ல ஆள் தேவை. தங்க வீடு உண்டு. அருகில் ஊர் இல்லை. அந்தக் கடைசி வரியை மற்றவர்கள் எச்சரிக்கையாகப் படித்திருப்பார்கள். அவள் அதைச் சலுகையாகப் படித்தாள்.

நேர்காணலில் அதிகாரி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார்.

"நீச்சல் தெரியுமா?"

"தெரியாது சார். தண்ணின்னாலே பயம்."

"அதுவும் ஒரு தகுதிதான். முன்னாடி இருந்தவருக்கு நீச்சல் ரொம்ப நல்லாத் தெரியும்."

முன்னாடி இருந்தவர் இப்போது எங்கே என்று அவள் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

இரண்டு அறை, தகரக் கூரை, ஒரு மேசை, மேசைமேல் வயர்லெஸ் கருவி. வாசலிலிருந்து நாற்பத்தொரு படி இறங்கினால் ஆறு. பாறையோடு பாறையாகப் பொருத்திய ஓர் உயரமான பலகையில் கறுப்பு வெள்ளைக் கோடுகளும் எண்களும். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை மணிக்கொருதரம் இறங்கி, தண்ணீர் எந்த எண்ணைத் தொடுகிறது என்று பார்த்து, ஏறி வந்து, கீழே ஊரில் உள்ள கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்ல வேண்டும். ஏழு மீட்டரைத் தாண்டினால் அவர்கள் ஆற்றங்கரையோரம் இருக்கும் பள்ளத்தெருவுக்கு எச்சரிக்கை கொடுப்பார்கள். எட்டைத் தொட்டால் சங்கு ஊதித் தெருவையே காலி செய்வார்கள். அவள் கண்ணெதிரே ஓடும் தண்ணீர் ஊருக்குப் போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆகும். அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான் அவளுக்குச் சம்பளம்.

அங்கே போனதும் பயம் போய்விட்டது என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். போகவில்லை. தகரத்தில் ஒரு காய் விழுந்தால்கூடத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் நகரத்தில் எண்ண முடியாமல் இருந்த பயங்கள் இங்கே ஒரு கையின் விரல்களுக்குள் அடங்கின. பாம்பு, இடி, வழுக்கும் படி, ஆறு. ஐந்தாவது, மேட்டின் மேலிருந்த ஆட்டுக்காரம்மாவின் மூன்று நாய்கள்.

மனித வாசனை என்று அந்தப் பக்கம் இருந்தது அந்த ஒரு வீடுதான். ஒன்றரை கிலோமீட்டர் ஏற்றம். ஆட்டுக்காரம்மா எப்போதாவது இறங்கி வந்து, வாசற்படிக்கு அந்தப் பக்கமே நின்று, "ஒருநாள் வீட்டுப் பக்கம் வாயேம்மா. அதுங்க ஒண்ணும் பண்ணாது," என்பாள். உலகத்தில் நாய் வளர்க்கும் எல்லோரும் சொல்லும் வசனம். நான்கு வருடத்தில் பயந்தா அந்த ஏற்றத்தில் நூறடிகூடப் போனதில்லை.

மேசைக்கு மேலே சுவரில் விதிமுறை அட்டை ஒன்று மாட்டியிருந்தது. 'நீர்மட்டம்' என்று சொல்லித் தொடங்க வேண்டும். எண்ணைச் சொல்ல வேண்டும். புள்ளி வந்தால் 'புள்ளி' என்று சொல்ல வேண்டும். எதிர்முனை அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் மாதம் அவள் அட்டையைப் பார்த்து ஒப்பித்தாள். கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்த வயர்லெஸ்காரர் ஐம்பது வயது மனிதர், பேச்சில் பிரியமானவர். "எதுக்கு தங்கச்சி இவ்ளோ நீட்டி முழக்கற? ஆறு எப்படி இருக்கு, அத மட்டும் சொல்லு," என்றார். அன்றிலிருந்து சுருங்கிவிட்டது. "ஆறு ரெண்டு நாலு" என்றால் ஆற்றில் இரண்டு புள்ளி நான்கு. "ஆறு மூணு" என்றால் சரியாக மூன்று. வீட்டில் இருக்கும் ஒரு பெரியவரின் உடம்பை விசாரிக்கிற மாதிரி இருவரும் தினமும் பேசிக்கொண்டார்கள். அதில் தப்பு நடக்க வழியே இல்லை, அந்த இருவர் பேசிக்கொள்ளும்வரை.

அன்று முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே விடாத மழை. காலை ஒன்பது மணிக்கு ஐந்து புள்ளி ஒன்பது இருந்தது. சொன்னாள். வயர்லெஸ்காரர் வாய்க்குள் பஞ்சு வைத்த குரலில் பேசினார்.

"தங்கச்சி, பல்லு உயிர் போகுது. புடுங்கப் போறேன். பத்து மணிக்கு வேற ஆள் உக்காருவாரு."

"போயிட்டு வாங்கண்ணே. வலிக்காம புடுங்கச் சொல்லுங்க."

பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆற்றின் சத்தம் மாறியது. கூடவில்லை, அடித்தொண்டைக்கு இறங்கியது. தண்ணீருக்கு அடியில் பாறைகள் உருள்கிற சத்தம் அது. தரை வழியாக ஏறி, மேசைமேல் இருந்த டம்ளரை நடுங்க வைத்தது. குடையை எடுக்காமலே வாசலுக்கு ஓடினாள். நாற்பத்தொரு படியில் பாதியைக் காணோம். காபித்தூள் நிறத்தில், வேரோடு பிடுங்கிய மரங்களைச் சுமந்துகொண்டு, ஆறு அவளை நோக்கி ஏறி வந்திருந்தது. பலகையில் ஐந்தும் இல்லை, ஆறும் இல்லை, ஏழும் இல்லை. தண்ணீர் எட்டில் நின்றது.

தவழ்ந்துதான் உள்ளே வந்தாள். வயர்லெஸ் கருவியை எடுத்தாள்.

"பத்து மணி. ஆறு எட்டு."

புதுக் குரல். நிதானமான, ஒழுங்கான குரல். "திருப்பிச் சொல்றேன். ஆறு எட்டு. சரிதானே?"

"சரி."

"நல்லது."

அவ்வளவுதான், முடிந்தது. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பயத்தை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்ட நிம்மதி வந்தது. இந்நேரம் சங்கு ஊதியிருப்பார்கள். அண்ணி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கிளம்பியிருப்பாள், அண்ணன் கடைக்குள் தொங்கும் சைக்கிள்களைப் பார்த்துப் புலம்பிக்கொண்டிருப்பான். நோட்டை எடுத்து, நேரம் போட்டு, எட்டு என்று எண்ணில் எழுதினாள். எழுதிய எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டு என்று கேட்டுவிட்டு ஒரு மனிதன் "நல்லது" என்று சொல்வானா?

சொன்னதை வாய்விட்டு இன்னொருமுறை சொல்லிப் பார்த்தாள். "ஆறு எட்டு." மூன்றாவது முறை சொல்லும்போது காதில் அது வேறாக விழுந்தது. ஆறு புள்ளி எட்டு. ஒன்பது மணிக்கு ஐந்து புள்ளி ஒன்பது, பத்து மணிக்கு ஆறு புள்ளி எட்டு. மழைநாளில் ஏறக்கூடிய கணக்குத்தான். ஏழுக்கும் கீழே. நல்லது. அவன் திருப்பிச் சொன்னான், அவளும் சரி என்றாள். இருவரும் ஒரே சொல்லைச் சொல்லி, ஒருவருக்கொருவர் தலையாட்டி, பள்ளத்தெருவை அப்படியே தண்ணீருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

கருவியைப் பிடுங்கி எடுத்தாள். "ஹலோ, கன்ட்ரோல், ஹலோ, நீர்மட்டம் எட்டு, நீர்மட்டம் எட்டு புள்ளி பூஜ்யம்..." உள்ளே மணல் கொட்டுவதுபோல ஒரு இரைச்சல். வெளியே எட்டிப் பார்த்தாள். ஏரியல் கம்பம் ஒரு மரக்கிளைக்கு அடியில் குப்புறக் கிடந்தது. தூக்கிப் பார்த்தாள், அசையவில்லை. கம்பியை இழுத்தாள், கையோடு வந்தது. இதற்குள் இருபது நிமிடம் போய்விட்டது.

கைபேசி அவளிடம் இருந்தது, சிக்னல் கிடையாது. மலையில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் மேட்டின் மேல், தன் வீட்டுக்குப் பின்னால் உள்ள பாறை என்று ஆட்டுக்காரம்மா சொன்னதுண்டு.

வாசலில் நின்றாள். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் அந்த ஏற்றம். இதில் எதற்கு அதிகம் பயந்தாள் என்று யாராவது கேட்டால், வெட்கத்தோடு உண்மையைச் சொல்லியிருப்பாள். நாய்க்குத்தான். ஆனால் பள்ளத்தெருவில் அண்ணனின் சின்னவள் இந்நேரம் வாசலில் காகிதக் கப்பல் விட்டுக்கொண்டிருப்பாள். அந்த நினைப்பு வந்ததும் கால் தானாக ஏறத் தொடங்கியது. மனது பின்னால் நின்று, வேண்டாம் வேண்டாம் என்று கத்திக்கொண்டே வந்தது.

ஒன்றரை கிலோமீட்டர் சேறு. இரண்டு முறை விழுந்தாள். ஒரு செருப்பு போன இடம் தெரியவில்லை, கைபேசி போன இடமும் தெரியவில்லை. மேட்டின் விளிம்பில் தலை தெரிந்ததுமே மூன்றும் பாய்ந்து வந்தன. கறுப்பு ஒன்று, செம்மண் நிறத்தில் ஒன்று, காது கிழிந்தது ஒன்று. வாழ்நாள் முழுவதும் கனவில் வந்தது இதுதான். ஓட முடியவில்லை, கத்த முடியவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு நடந்தாள். பாவாடை ஓரத்தை ஏதோ பல்லால் இழுத்தது. சூடான மூச்சு முழங்காலில் பட்டது. அவள் அழுதுகொண்டே, மூக்கு ஒழுக, "போயிடு சாமி, போயிடு சாமி," என்று முனகிக்கொண்டே நடந்தாள்.

ஆட்டுக்காரம்மா ஓடி வந்தாள், பயந்தா காதில் கை வைத்துக் காட்டியதும் தன் போனைக் கொடுத்துப் பாறையைக் காட்டினாள். கட்டுப்பாட்டு அறையின் எண் அட்டையில் இருந்தது, அட்டை சுவரில் இருந்தது. மனப்பாடமாகத் தெரிந்த எண் ஒன்றே ஒன்று. பயந்து பயந்து அழுத்திப் பழகிய எண்.

"யாரு?"

"நான்தாண்ணா."

"என்ன பயந்தா, புது நம்பரு? பல்லியா, பாம்பா?"

"அண்ணா, தண்ணி எட்டுல நிக்குது. தெருவக் காலி பண்ணச் சொல்லு. உடனே."

"ஏய், இப்பதான் கன்ட்ரோல் ஆபீஸ் வாசல் பலகையப் பாத்துட்டு வரேன். ஆறு புள்ளி எட்டுன்னு எழுதிப் போட்டிருக்கான்."

"அது தப்புண்ணா. நான் சொன்னது ஆறு எட்டு."

"அதைத்தானே எழுதியிருக்கான்?"

"ஐயோ, அந்த ஆறு இல்லண்ணா, இந்த ஆறு!"

"எந்த ஆறு?" அண்ணன் சிரித்தேவிட்டான். பின்னாலிருந்து அண்ணி யாரென்று கேட்பதும், அவன் "நம்ம பயந்தாதான். வழக்கம்போல," என்று சொல்வதும் தெளிவாகக் கேட்டது.

வழக்கம்போல. முப்பத்து மூன்று வருடமாக அவள் பயந்த பயமெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் வந்து வரிசையாக நின்றது. தண்ணீர்த் தொட்டி, பெயின்ட் வாசனை, செத்துப்போன ரொட்டிக்கடை நாய். இனி இவன் நம்பமாட்டான். என்ன சொன்னாலும் நம்பமாட்டான். பேச வாயைத் திறந்தாள். தொண்டையில் அந்தப் பழைய கதவு சாத்திக்கொண்டது. காற்றுத்தான் வந்தது.

அப்போது காது கிழிந்தது அவள் இடுப்பருகே நின்று குரைத்தது. மற்ற இரண்டும் சேர்ந்துகொண்டன.

போனில் சிரிப்பு நின்றது.

"அது என்ன சத்தம்? நாயா?"

"ம்."

"பக்கத்துலயா?"

"ம்."

"எத்தன?"

மூச்சை உள்ளே இழுத்து, இழுத்து, ஒருவழியாக வெளியே தள்ளினாள். "மூணு."

பிறகு அண்ணனின் குரல், போனுக்கு அல்ல, வீட்டுக்குள் திரும்பிக் கத்தியது. "எழுந்திரு! பிள்ளைங்கள எடு! எதையும் எடுக்காத, பிள்ளைங்கள மட்டும் எடு!" போன் எங்கேயோ விழுந்து, அணைந்தது.

பின்னால் விசாரணையெல்லாம் நடந்தது. 'ஆறு எட்டு' என்று சொன்னது நான்தான், அட்டையில் உள்ளபடி சொல்லாதது என் தப்பு என்று மேசைக்கு எதிரே நின்று, நடுங்கிக்கொண்டே சொன்னாள். பல் பிடுங்கிய வயர்லெஸ்காரர் வீங்கிய கன்னத்தோடு எழுந்து, பழக்கிவிட்டது நான் என்றார். வேலை போகவில்லை. எல்லா நிலையங்களின் அட்டையிலும் ஒரு வரி கூடியது: ஆற்றை ஆறு என்று சொல்லக் கூடாது. அவள் இன்னும் அதே தகரக் கூரைக்குக் கீழேதான் இருக்கிறாள். பயம் தெளிந்துவிட்டதா என்று கேட்பவர்களுக்கு, மேட்டுப் பக்கம் அதற்கப்புறம் அவள் போனதேயில்லை என்பதைச் சொன்னால் போதும்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று அவள் மழையில் பாறைமேல் உட்கார்ந்திருந்தாள். பதினொன்றே கால், பன்னிரண்டு, ஒன்று. அண்ணன் எண்ணை அழுத்தினால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் பொறுமையாகச் சொன்னாள். சங்கு ஊதினார்களா, தெரியாது. அண்ணன் சொன்னதை ஆபீசில் நம்பினார்களா, தெரியாது. ஆட்டுக்காரம்மா ஒரு சாக்கைக் கொண்டுவந்து அவள் தலையில் போர்த்திவிட்டு, ஆடுகளைப் பார்க்கப் போய்விட்டாள். நாய்கள் போகவில்லை. இந்நேரம் தண்ணீர் ஊரைத் தொட்டிருக்கும் என்ற நேரம் வந்து, தாண்டிப் போனது. அவளுக்கு அழக்கூடப் பயமாக இருந்தது.

ஒன்றே முக்காலுக்குப் போன் அடித்தது.

"எல்லாரும் பள்ளிக்கூட மாடியில இருக்கோம்," என்றான் அண்ணன். குரல் கிழிந்திருந்தது. "கட போச்சு. வீட்டுல ஜன்னலுக்கு மேல தண்ணி. தெருவே தெரியல."

"ஆளுங்க?"

"ரெண்டு தடவ எண்ணிட்டாங்க. எல்லாரும் இருக்காங்க. சின்னவ இதோ என் மடியிலதான்."

அவள் சாக்கின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நாய்ங்க இன்னும் இருக்கா?" என்றான் அண்ணன்.

"ரெண்டு போயிடுச்சு. ஒண்ணு என் கால்மேல தலைய வச்சுத் தூங்குது."

"பயமா இல்லையா?"

"பயமாத்தான் இருக்கு. அதான் ரெண்டு மணி நேரமா கால அசைக்கல."

அவன் சிரிப்பான் என்று காத்திருந்தாள். சிரிக்கவில்லை.

"அசைக்காதம்மா," என்றான். "அது முழிக்கிற வரைக்கும் நான் போன்லயே இருக்கேன்."